மறுப்பதற்கு இடம் விட்டுச் சொல்லுங்கள்: நட்புக்குள் ஈர்ப்பு எழும்போது செய்ய வேண்டியவை

பொறியியல் கல்லூரிகளில் சுமார் இருபது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில் ‘மென்டர்’ ஒருவரை நியமிப்பார்கள். வருகைப்பதிவு, அரியர், கட்டண பாக்கி ஆகியவற்றைக் கவனிப்பது அவருடைய வேலை என்று சுற்றறிக்கையில் இருக்கும். அந்தப் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்த என்னிடம் மாணவர்கள் கதவைப் பாதி சாத்திவிட்டுத் தயங்கித் தயங்கிப் பேசியவை அந்தச் சுற்றறிக்கையில் இல்லாத செய்திகள். “அவ என் பெஸ்ட் ஃப்ரெண்ட், மேடம். ஆனா இப்ப அப்படி மட்டும் பார்க்க முடியல” என்று ஒருவன் சொல்வான். “அவன் ரொம்ப நல்லவன் மேடம், ஆனா என்னைக்காவது கேட்டுடுவானோன்னு பயமா இருக்கு, கேட்டுட்டா இந்த ஃப்ரெண்ட்ஷிப் போயிடும்” என்று அடுத்த வாரம் ஒருத்தி வந்து சொல்வாள். இருவரும் ஒருவரையொருவர்தான் குறிப்பிடுகிறார்கள் என்பது சில சமயம் எனக்கு மட்டும் தெரிந்திருக்கும். அதை நான் இருவரிடமும் சொன்னதில்லை.

கல்லூரியின் பின் ஆண்டுகளிலோ முதல் வேலையிலோ இருக்கும் அத்தகைய இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆண் பெண் நட்பில் ஈர்ப்பு வரவே கூடாது என்பவர்களோடும், வந்துவிட்டால் அது காதலேதான் என்று முடிவு கட்டுபவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. கேட்காமலே வருகிற ஒன்றைப் பற்றி வெட்கப்படவும் தேவையில்லை, அதன் கட்டளைக்குப் பணியவும் தேவையில்லை. ஆனால் அதை எதிரில் இருப்பவரிடம் கொண்டு செல்லும்போது மட்டும் ஓர் அளவுகோல் வேண்டும். நான் என் மாணவர்களிடம் சொல்லிவந்த அளவுகோல் இதுதான்: நீங்கள் செய்யப்போகும் செயல், எதிரில் இருப்பவர் ‘இல்லை’ என்று சொல்வதை எளிதாக்குகிறதா, கடினமாக்குகிறதா? கீழே வரும் ஆலோசனைகள் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியிலிருந்தே பிறந்தவை.

ஈர்ப்பு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

ஆய்வகப் பிரிவுகளைப் பெரும்பாலும் ரோல் எண் வரிசைப்படி பிரிப்பார்கள். ரோல் எண்களோ பெயரின் அகர வரிசைப்படி அமைபவை. ஆகவே ‘ப’ எழுத்தில் தொடங்கும் ஒருவனும் ஒருத்தியும் நான்கு ஆண்டுகள் ஒரே மேசையில் ஒரே அலைக்காட்டியை (ஆசிலோஸ்கோப்) திருகி, ஒரே ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எழுதி, ஒரே வாய்மொழித் தேர்வுக்கு நடுங்குவார்கள். அவர்களுக்குள் நெருக்கம் வளர்ந்தால் அதை விதி என்றும் பொருத்தம் என்றும் நண்பர்கள் சொல்வார்கள். பாதிக் காரணம் அகர வரிசை.

இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மணமான மாணவர் குடியிருப்பில் யார் யாருக்கு நெருங்கிய நண்பர் என்று கேட்டு, 1950-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அடுத்த வீட்டுக்காரரை நெருங்கிய நண்பராகக் குறிப்பிட்டவர்கள் 41 விழுக்காடு. அதே தளத்தின் மறுகோடியில் இருந்தவரைக் குறிப்பிட்டவர்கள் 10 விழுக்காடு மட்டுமே. இடைவெளி சில கதவுகள்தாம். திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதாலேயே ஒன்றன் மீது விருப்பம் கூடும் என்பதை 1968-இல் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் வேறு வகையில் சோதித்துக் காட்டினார். அன்றாடம் காண்பவர் மீது மனம் செல்வது இயல்பு என்பதையே இவை சொல்கின்றன; அந்த மனம் சென்றதற்கு எதிரில் இருப்பவர் பொறுப்பாளி அல்லர் என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ளலாம்.

இன்னொரு பிறப்பிடம் ஐ.வி. எனப்படும் தொழிற்சாலைப் பார்வைப் பயணம். ஒரு நாள் தொழிற்சாலைக்கும் மூன்று நாள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்குமாகச் செல்லும் அந்தப் பயணத்திலிருந்து திரும்பிய வாரத்தில் என் அறைக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை கூடும். 1974-இல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரன் ஆகிய இருவரும் கனடாவின் கேப்பிலானோ ஆற்றின் மேல் தொங்கும், ஆடுகின்ற பாலத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். பாலத்தில் வந்த ஆண்களிடம் ஓர் இளம்பெண் சில கேள்விகள் கேட்டுத் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். எண்ணைப் பெற்றுக்கொண்ட 18 பேரில் 9 பேர் பிறகு அவரை அழைத்தார்கள். தாழ்வான, உறுதியான வேறொரு பாலத்தில் அதே எண்ணைப் பெற்ற 16 பேரில் அழைத்தவர்கள் 2 பேர். பயத்தில் அடித்த நெஞ்சை, அருகில் நின்ற பெண்ணால் அடித்த நெஞ்சாக மனம் மொழிபெயர்த்துக்கொண்டது என்பது அவர்களுடைய விளக்கம். கொண்டை ஊசி வளைவில் இரவு இரண்டு மணிக்குப் பேருந்து திரும்பும்போது பக்கத்து இருக்கையில் இருந்தவரிடம் தோன்றியதை, ஊருக்கு வந்து மூன்று வாரம் கழித்து, இன்டர்னல் தேர்வுக்குப் படித்துக் களைத்த ஒரு செவ்வாய்க்கிழமை மறுபடி பார்க்கச் சொல்வேன். அப்போதும் இருந்தால் அது வளைவால் வந்ததன்று.

மூன்றாவது காரணம் நம் ஊருக்கே உரியது. ஆண்கள் பள்ளியிலோ பெண்கள் பள்ளியிலோ பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, இருபாலரும் பேசிக்கொண்டால் அடையாள அட்டையைப் பிடுங்கும் கல்லூரிக்கு வந்து சேர்கிறவர் நம்மிடையே பலர். பேருந்தில் தனி வரிசை, உணவகத்தில் தனிப் பக்கம் என்று பிரித்து வைக்கப்பட்ட ஒருவனிடம் ஒரு பெண் முதன்முதலாக “சாப்டியா?” என்று கேட்டால், அந்தச் சொல் அதன் எடையைப் போலப் பத்து மடங்காக அவனுக்குக் கனக்கும். அவள் அதைத் தன் தோழியர் எட்டுப் பேரிடமும் தினமும் கேட்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. பிரித்து வைத்தால் தவறு நடக்காது என்று நம்பும் நிர்வாகங்கள், அந்தப் பிரிவினையால்தான் தவறான வாசிப்பு பெருகுகிறது என்பதைக் கவனிப்பதே இல்லை.

நட்பைக் குறிப்பாக வாசிக்காதீர்கள்

தவறான வாசிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பார்த்த கசப்புகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்கின.

1982-இல் அன்டோனியா ஆபி என்ற ஆய்வாளர், ஒருவரையொருவர் அறியாத ஓர் ஆணையும் பெண்ணையும் ஐந்து நிமிடம் பேசவிட்டு, அதை வேறோர் ஆணும் பெண்ணும் மறைவாகப் பார்க்குமாறு செய்தார். பேசிய ஆணும் சரி, பார்த்த ஆணும் சரி, அந்தப் பெண்ணின் சாதாரணச் சிநேகத்தில் பெண்கள் காணாத ஈர்ப்புக் குறிப்புகளைக் கண்டார்கள். 2012-இல் ஏப்ரல் பிளெஸ்கி-ரெசெக் என்பவரும் குழுவினரும் அமெரிக்காவின் விஸ்கான்சினில் 88 ஆண்-பெண் நண்பர் இணைகளைத் தனித்தனியே கேட்டபோதும் இதன் தொடர்ச்சி தெரிந்தது. ஆண்கள் தங்கள் தோழி மீது கூடுதலாக ஈர்க்கப்பட்டிருந்தார்கள். அதைவிட முக்கியமாக, தோழிக்கும் தங்கள் மேல் அத்தகைய ஈர்ப்பு இருப்பதாக மிகையாக எண்ணினார்கள். பெண்களோ தோழனுக்கு இருந்த ஈர்ப்பைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். இரண்டும் வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்களிடம் நடந்தவை. நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் “எனக்குத் தெரியும், அவளுக்கும் இருக்கு” என்று ஒருவன் உறுதியாகச் சொல்லும்போதும், “அவனுக்கா? சேச்சே, இருக்காது மேடம்” என்று ஒருத்தி சிரிக்கும்போதும் இந்த 88 இணைகள் என் நினைவுக்கு வருவதுண்டு.

ஆகவே குறிப்பறிய விரும்புகிறவர் செய்ய வேண்டியது இது. அவர் உங்களிடம் நடந்துகொள்வதை மட்டும் பார்க்காமல், மற்றவர்களிடம் நடந்துகொள்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறந்தநாள் அன்று நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு வாழ்த்து வந்ததா? குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் அப்படித்தான் வருகிறது. ‘டா’ போட்டுப் பேசுகிறாளா? இன்றைய பெண்கள் தோழியரையும் ‘டா’ என்றும் ‘மச்சி’ என்றுமே அழைக்கிறார்கள். இரவு ஒரு மணி வரை வாட்ஸ்அப்பில் பேசுகிறாரா? விடுதியில் இரவு ஒரு மணி என்பது மாலை ஆறு மணியைப் போன்றது. அதே செயலை ஓர் ஆண் நண்பன் செய்திருந்தால் நீங்கள் என்ன பொருள் கொள்வீர்களோ, அதை முதலில் கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் மிச்சம் ஏதேனும் இருந்தால், அது ஒருவேளை குறிப்பாக இருக்கலாம். அப்போதும் அது ‘கேட்கலாம்’ என்பதற்கான குறிப்பே தவிர, பதில் அன்று.

நண்பர் கூட்டத்தின் கேலியை இதில் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். வகுப்பில் அவளுடைய பெயர் அழைக்கப்படும்போது கடைசி பெஞ்ச் இருமினால், அந்த இருமல் அவளுடைய மனத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. மாறாக, அவள் உங்களோடு இயல்பாகப் பேசுவதை அது நிறுத்திவிடும். நண்பர்களிடம் நீங்களே “வேண்டாம்டா, அவ காதுல விழுந்தா சங்கடப்படுவா” என்று ஒருமுறை கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

சொல்வதா, வேண்டாமா

எல்லா ஈர்ப்பையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சொல்லாமல் விட்ட பல ஈர்ப்புகள் ஒரு செமஸ்டர் விடுமுறையில் தாமாகத் தணிந்து, பின்னர் இருவரும் திருமண அழைப்பிதழ் பரிமாறும் நட்பாக நிலைத்ததைப் பார்த்திருக்கிறேன். நினைக்கவே கூடாது என்று மனத்தை அடக்குவது மட்டும் உதவாது. வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று டேனியல் வெக்னர் 1987-இல் காட்டினார். நினைப்பை விட்டுவிட்டுப் பழக்கத்தை மாற்றுவது எளிது: இருவர் மட்டும் பேசும் நள்ளிரவு உரையாடலைக் குழு உரையாடலாக்கலாம், தனியே தேநீர் குடிக்கச் செல்லும் வழக்கத்தில் மூன்றாமவரைச் சேர்க்கலாம், ‘லாஸ்ட் சீன்’ பார்ப்பதை நிறுத்தலாம். திடீரென்று பேச்சையே முறித்துக்கொள்வது வேண்டாம். எதிரில் இருப்பவர் தாம் செய்த பிழை என்னவென்று தெரியாமல் தவிப்பார்.

சில நிலைகளில் சொல்லவே கூடாது. அவர் வேறொருவருடன் உறவில் இருந்தால், உங்கள் சொல் அவருக்குச் சுமையை மட்டுமே தரும். நீங்கள் அவருடைய டீம் லீடராகவோ, மதிப்பெண் போடுகிறவராகவோ, ப்ராஜெக்டில் அவர் சார்ந்திருக்கும் ஒரே ஆளாகவோ இருந்தால், அவர் ‘இல்லை’ என்று சொல்லும்போது தம் வேலையையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பதில் முழுச் சுதந்திரமான பதிலாகாது. பிரிவு மாறும் வரை, ப்ராஜெக்ட் முடியும் வரை பொறுத்திருங்கள். முதலாண்டு மாணவர்களில் பதினேழு வயதினர் பலர் உண்டு என்பதைச் சீனியர்கள் நினைவில் கொள்ள வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பதினெட்டு வயது நிறையாதவரைக் குழந்தை என்றே வகைப்படுத்துகிறது. அங்கேயே நிறுத்திக்கொள்வதைத் தவிர வேறு ஆலோசனை என்னிடம் இல்லை.

சொல்லாமலும் விடாமலும் நடுவில் நிற்பதுதான் மிகவும் தீங்கானது. தினமும் அழைத்துச் சென்று இறக்கிவிடுவது, அவளுடைய அசைன்மென்டை எழுதித் தருவது, அவளுடைய தாய்க்கு மருந்து வாங்கிக் கொடுப்பது என்று எல்லாவற்றையும் செய்துகொண்டே, இவற்றுக்கெல்லாம் ஒருநாள் விலை கிடைக்கும் என்று உள்ளுக்குள் கணக்கு எழுதிவருகிறவர்கள் உண்டு. கணக்கு இருப்பதே அவளுக்குத் தெரியாது. அது வெளிப்படும் நாளில், “இவ்வளவு செஞ்சேனே” என்ற வாக்கியம் வந்து விழும். அவளும் அந்த இரண்டு ஆண்டு நட்பில் எது உண்மை என்று பின்னோக்கித் தேடத் தொடங்குவாள். ‘ஃப்ரெண்ட்ஸோன்’ என்று இளைஞர்கள் புலம்பும் சொல்லின் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குப் புத்தகமே இருக்கிறது. நட்பாகச் செய்ததை நட்பாகவே விட மனமில்லாதபோது, அந்த உதவியைச் செய்யாமல் இருப்பது நேர்மை.

சொல்லும் முறை

சொல்வதென்று முடிவெடுத்துவிட்டால், அந்த அளவுகோலை முதலில் இடத்துக்குப் பயன்படுத்துங்கள். எதிரில் இருப்பவர் விரும்பிய கணத்தில் எழுந்து போகக்கூடிய இடமாக இருக்க வேண்டும்: பகல் நேரத்துக் கல்லூரி உணவகத்தின் ஓர் ஓரம், நூலகத்துக்கு வெளியே உள்ள மரத்தடி. ஓடும் வண்டியின் பின் இருக்கையில் அமர்த்திக்கொண்டு சொல்வது, அவர் இறங்க முடியாத இடத்தில் சொல்வதாகும். கூட்டத்தின் நடுவே ரோஜாவோடு மண்டியிடுவது திரையில் அழகாக இருக்கலாம். நேரில் அது, இருநூறு கைப்பேசிகள் படம் பிடித்துக்கொண்டிருக்கையில் ஒருவரிடம் பதில் பிடுங்குவது. அந்த நிலையில் வரும் ‘சரி’க்கு மறுநாள் காலை என்ன மதிப்பு?

நேரத்தையும் பாருங்கள். மாடல் தேர்வுக்கு முந்தைய வாரமோ, வேலைவாய்ப்பு நேர்முகத்தன்றோ வேண்டாம். ஃபேர்வெல் நாளை நான் தனியாக எச்சரிப்பேன். இனிப் பார்க்கவே போவதில்லை என்ற துயரமும், சேலையும் சட்டையும் அணிந்த புதுத் தோற்றமும், நண்பர்களின் உசுப்பேற்றலும் சேர்ந்து அன்று பலரைப் பேசவைக்கும். கேட்பவருக்கோ அந்த நாள் முழுவதும் அதன் நிழலிலேயே கழியும்.

தூது வேண்டாம். தோழியிடம் சொல்லி அனுப்பினால் நீங்கள் சொல்லாததும் சேர்ந்து போகும். அதோடு, மறுக்க நினைப்பவர் இப்போது இருவருக்கு முன்னால் மறுக்க வேண்டியிருக்கும். கடிதமோ குறுஞ்செய்தியோ கோழைத்தனம் என்று பலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. முகத்தைப் பார்க்காமல் யோசித்துப் பதில் தருவதற்கு அது உண்மையில் உதவும். ஆனால் நீல டிக் விழுந்த பிறகு பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கேள்விக்குறி அனுப்புபவராக இருந்தால் நேரிலேயே சொல்லிவிடுங்கள்.

சொற்கள் சுருக்கமாக இருக்கட்டும். “உன்னை எனக்கு ஃப்ரெண்டா மட்டும் இல்லாம அதுக்கு மேலயும் பிடிச்சிருக்கு. உனக்கு அப்படி இல்லைன்னா நேரா சொல்லலாம், நான் புரிஞ்சுப்பேன். இப்பவே சொல்லணும்னு இல்ல.” இவ்வளவு போதும். இதில் விருப்பம் தெளிவாக இருக்கிறது, மறுப்பதற்கு வழி திறந்திருக்கிறது, அவகாசமும் இருக்கிறது. “நீ இல்லாம என்னால வாழவே முடியாது” என்பது காதல் மொழி போலத் தோன்றினாலும், ‘இல்லை’ என்ற பதிலின் மேல் ஓர் உயிரின் பொறுப்பை ஏற்றிவைக்கும் வாக்கியம் அது. “நீ இல்லன்னு சொன்னாலும் நான் காத்திருப்பேன்” என்பதும் அப்படியே. பதில் வருவதற்கு முன்பே அதைச் செல்லாததாக்கிவிடுகிறது. ஒருமுறை சொன்னால் போதும். இரண்டாம் முறை சொல்வதற்கு அவரிடமிருந்து அழைப்பு வர வேண்டும்.

பெண் முதலில் சொல்லலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டவர்கள் உண்டு. தாராளமாகச் சொல்லலாம், மேலே கூறியவை எல்லாம் அவருக்கும் பொருந்தும். ஆனால் ஊர் இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவதில்லை. அவன் சொன்னால் ‘தைரியசாலி’ என்றும், அவள் சொன்னால் வேறு பெயரும் விடுதியில் உலவும். ஆகவே ஒரு பெண் தன் மனத்தைத் திறந்து சொன்னதைக் கேட்ட ஆணுக்கு முதல் கடமை, பதில் எதுவாயினும் அந்தச் செய்தியைத் தன்னோடு வைத்துக்கொள்வது. அறைத் தோழனிடம் கூடச் சொல்லாமல் இருப்பது.

கேட்பவருக்கு

உங்களிடம் ஒருவர் இப்படிச் சொன்னால், அதற்கு நீங்கள் எந்தக் கடனும் பட்டவரல்லர். நல்லவன், உதவியவன், மூன்றாண்டு நண்பன் என்பவை எல்லாம் உண்மையாக இருந்தும் உங்களுக்கு அந்த விருப்பம் இல்லாமல் இருக்கலாம், அது நன்றிகெட்டதனமாகாது.

மறுப்பதென்றால் காரணம் இல்லாமல் மறுங்கள். நம் வழக்கத்தில் மறுப்பை மென்மையாக்கக் காரணங்களைத் தேடுவோம்: “இப்ப படிப்புதான் முக்கியம்”, “எங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்க”, “நம்ம சாதி வேற.” சொல்பவர் கதவை மெல்லச் சாத்துவதாக நினைக்கிறார், கேட்பவர் அதில் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார். படிப்பு முடியும் வரை காத்திருந்து மறுபடி வந்து நின்றவனை நான் அறிவேன். அவன் பிடிவாதக்காரன் அல்லன். அவள் சொன்ன காரணத்தை அப்படியே நம்பியவன். ‘அண்ணா’ என்று அழைத்துவிடுவதும் ராக்கி கட்டிவிடுவதும் இதே வகைதான். சொல்ல வேண்டியதை அவை சொல்லாமல் விடுவதோடு, அவனைப் பிறர் முன்னால் சிறுமைப்படுத்தவும் செய்கின்றன. “எனக்கு உன் மேல அந்த மாதிரி எண்ணம் இல்ல. இனியும் மாறும்னு தோணல” என்ற இரண்டு வாக்கியங்கள் அந்த நிமிடத்தில் கடுமையாக ஒலிக்கும், ஓராண்டுக் காத்திருப்பை மிச்சப்படுத்தும்.

இப்படிச் சொல்வதால், தெளிவாகச் சொல்லாத பெண் மீதுதான் பழி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நேராக மறுத்தால் என்ன செய்வானோ என்ற பயத்திலும் காரணங்கள் பிறக்கின்றன. மழுப்பலான பதிலையும் ‘இல்லை’ என்றே கொள்வது விருப்பத்தைச் சொன்னவரின் பொறுப்பு. மௌனம் சம்மதம் என்ற பழைய வழக்கு இங்கே செல்லாது. மறுத்தால் ஆபத்து என்று உண்மையாகவே தோன்றினால் தனியே பதில் சொல்லப் போகாதீர்கள். நம்பிக்கையான ஒருவரை உடன் வைத்துக்கொண்டோ, செய்தியாகவோ சொல்லுங்கள்.

இருவருக்கும் விருப்பம் இருந்தால்

நட்பிலிருந்து தொடங்கும் காதல் புதிதன்று. கனடாவில் டேனு ஆந்தனி ஸ்டின்சனும் குழுவினரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 1,900 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் தங்கள் உறவு நட்பாகவே தொடங்கியது என்றார்கள். இந்த எண்ணைப் பார்த்து நம்பிக்கை கொள்கிறவர்களுக்கு ஒரு சொல்: உறவாக முடிந்தவற்றில்தான் இந்தப் பங்கு கணக்கிடப்பட்டது. உறவாக மாறாத நட்புகள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

முன்பே ஒருவரையொருவர் அறிந்திருப்பதால் பேச வேண்டியதைப் பேசாமல் விட்டுவிடுவது நண்பர்களாக இருந்து காதலர் ஆனவர்களிடம் காணும் குறை. வீடு, சாதி, ஊர், வேலைக்குப் போகும் இடம் ஆகியவை நட்புக்குக் குறுக்கே வந்ததில்லை, இனி வரும். அவற்றை முதல் மாதத்திலேயே பேசிவிடுவது நல்லது. நண்பர் குழுவிடம் எப்போது சொல்வது என்பதையும் இருவரும் சேர்ந்து முடிவெடுங்கள். ஒருவருடைய ஸ்டேட்டஸைப் பார்த்து மற்றவர் தெரிந்துகொள்ளும்படி ஆகக் கூடாது.

மறுப்புக்குப் பின்

நம் பழைய இலக்கண நூலார் ஒருதலை விருப்பத்தைக் கைக்கிளை என்று பெயரிட்டு, அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தினார்கள். அதை இழிவாக அவர்கள் கருதினார்களா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. தனிப் பெயரும் தனி இடமும் தேவைப்படும் அளவுக்கு அது வழக்கமான அனுபவம் என்பதே எனக்கு அதில் ஆறுதலாக இருக்கிறது.

மறுக்கப்பட்டவர் “சரி, ஃப்ரெண்ட்ஸா இருப்போம்” என்று அந்த நிமிடத்திலேயே சொல்லிவிடுவது வழக்கம். பெருந்தன்மையாகத் தோன்றும், ஆனால் வலி ஆறாமல் அருகில் இருப்பது மறைமுகமான காத்திருப்பாகிவிடும். “எனக்குக் கொஞ்ச நாள் இடைவெளி வேணும், உன் மேல கோபம் இல்ல” என்று சொல்லிவிட்டு ஒதுங்குவது நேர்மையானது. எத்தனை நாள் என்று கேட்டால் என்னிடம் எண் இல்லை. அவர் வேறொருவரோடு சிரித்துப் பேசுவதைப் பார்த்துவிட்டு உங்கள் வேலையைத் தொடர முடிகிற நாள் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தவரும் “ஏன் முன்ன மாதிரி பேச மாட்டேங்கற?” என்று துரத்தக் கூடாது. நட்பு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். அதற்காக எவரும் மற்றவரிடம் வழக்குத் தொடுக்க முடியாது.

சோகப் பாடல் வரிகளை ஸ்டேட்டஸில் வைப்பது, பொதுவான தோழியிடம் நிலவரம் விசாரிப்பது, அவர் வரும் பேருந்து நேரத்துக்கு நிறுத்தத்தில் நிற்பது ஆகியவை உங்கள் மனத்தில் ஏக்கமாக இருக்கலாம். அவருக்கு அவை கண்காணிப்பு. விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயல்வதும், இணையத்தில் அவள் நடமாட்டத்தைக் கண்காணிப்பதும் இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை விதிக்கலாம். தொல்லைக்கு ஆளானவர் கல்லூரியில் இருந்தால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிகளின்படி அமைந்த உள் புகார்க் குழுவிடம் போகலாம். அலுவலகத்தில் 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி அமைந்த குழு இருக்கும். இரண்டிலும் புகாரைப் பொதுவாக மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும் என்பதால், “பார்க்கலாம்” என்று நாட்களைக் கடத்தாதீர்கள். செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். மகளிர் உதவி எண் 181.

மறுக்கப்பட்டவரின் துயரத்தை நண்பர்கள் பெரும்பாலும் கேலியாலோ மதுவாலோ ஆற்ற முனைவார்கள். இரண்டும் உதவுவதில்லை. உறக்கமும் உணவும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலோ, 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

இனி அந்த ஆய்வக மேசை. மறுப்புக்குப் பிறகும் ரோல் எண் மாறாது. வாரம் இருமுறை மூன்று மணி நேரம் ஒரே அலைக்காட்டியின் முன் இருவரும் நின்றாக வேண்டும். இது பலருக்கு எல்லாவற்றையும் விடக் கடினமாக இருக்கிறது, ஆனால் இதற்குத்தான் தீர்வு எளிது. அடுத்த செமஸ்டர் தொடங்கும் முதல் வாரத்தில், பிரிவு மாற்றம் கேட்டு எச்.ஓ.டி.க்கு (துறைத் தலைவருக்கு) ஒரு வரிக் கடிதம் கொடுங்கள். காரணம் என்ற இடத்தில் ‘தனிப்பட்ட காரணம்’ என்று எழுதலாம். நான் மென்டராக இருந்தவரை அப்படி வந்த கடிதங்களை மறு கேள்வி கேட்காமல் கையெழுத்திட்டு அனுப்பினேன். அந்தக் கடிதத்தை, மறுப்புச் சொன்னவரைக் கொண்டு எழுத வைக்காமல், விருப்பத்தைச் சொன்னவரே எழுதுங்கள். இடம் மாற வேண்டியவர் அவர்தான்.